பச்சைத் துண்டுக்குக் கரை வேண்டாம்: எங்கள் சங்கத்தின் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்டத் தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

சம்பா அறுவடை தொடங்கியிருக்கும் இந்தத் தை மாதத்தில் செயற்குழு கூடி இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றியிருப்பதைக் கிளைகளுக்கு வந்த சுற்றறிக்கையில் படித்தேன். வரவிருக்கும் 2026 சட்டமன்றத் தேர்தலில் ஒரு குறிப்பிட்ட கூட்டணியைச் சங்கம் ஆதரிக்கும் என்பது முதல் தீர்மானம். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் நடக்கும் தாமதத்தையும் மூட்டைக்கு இவ்வளவு என்ற வசூலையும் கண்டித்து நாம் அறிவித்திருந்த முற்றுகைப் போராட்டத்தைத் தேர்தல் முடியும்வரை ஒத்திவைப்பது என்பது இரண்டாவது. ஒத்திவைப்புக்குக் காரணமாக ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ஆட்சி அமைந்ததும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று. அந்த ஒரு வரியை என்னால் ஏற்க முடியவில்லை. செயற்குழுவில் எனக்கு இடமில்லை. கிளைக் கூட்டத்தில் எழுந்து கேட்டபோது "மேலே முடிவாகிவிட்டது" என்ற பதிலே கிடைத்தது. ஆகவே எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அந்தக் கூட்டணி எது என்பதை இங்கே குறிப்பிடப் போவதில்லை. எதிரணியை ஆதரித்து நீங்கள் தீர்மானம் போட்டிருந்தாலும் இந்த மடலை ஒரு சொல் மாற்றாமல் எழுதியிருப்பேன்.

1994 முதல் சங்கத்தில் இருக்கிறேன். சொந்த நிலம் இரண்டரை ஏக்கர், குத்தகை நிலம் ஒன்றரை ஏக்கர். 1996, 2001, 2006, 2011, 2021 என ஐந்து முறை ஆட்சி மாறியதை இந்த நான்கு ஏக்கர் வரப்பில் நின்றபடியே பார்த்தவன். ஆட்சி மாறினால் ஒன்றும் மாறாது என்று சலித்துப் பேசுகிறவர்களில் நான் ஒருவனல்லன். மாறுகிறது, நிறையவே மாறுகிறது. ஆனால் என்ன மாறுகிறது, எது அப்படியே கிடக்கிறது, அந்த மாற்றத்தில் நம் சங்கம் என்ன ஆகிறது என்பதைச் செயற்குழு ஒரு முறையாவது உட்கார்ந்து யோசித்ததா என்பதே என் கேள்வி.

என் வீட்டுத் தகரப் பெட்டியில் என் தகப்பனாரின் மூன்று அட்டைகள் இருக்கின்றன. முதலாவது 2005-இல் அன்றைய அதிமுக அரசு கொண்டுவந்த உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்தபோது கிடைத்தது. 2006-இல் திமுக ஆட்சிக்கு வந்ததும் அந்தத் திட்டத்தின் இடத்தில் விவசாயத் தொழிலாளர்கள் – விவசாயிகள் சமூகப் பாதுகாப்பு மற்றும் நலத்திட்டம் வந்தது; அப்போது வாங்கியது இரண்டாவது அட்டை. 2011-இல் ஆட்சி மீண்டும் மாறியபோது முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் என்ற பெயரில் பழையது புதிதாக வந்தது, அது மூன்றாவது. நிலம் அதே நிலம், சர்வே எண் அதே எண், மனிதர் அதே மனிதர். ஆயினும் ஒவ்வொரு முறையும் புகைப்படம் எடுத்து, சிட்டா வாங்கி, கிராம நிர்வாக அலுவலரிடம் கையெழுத்துக்கு நின்று, வரிசையில் காத்திருந்து பதிய வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் கூலி வேலை பார்த்த ஒருவர், பழைய திட்டம் முடிந்து புதிய அட்டை கைக்கு வராத இடைப்பட்ட மாதங்களில் இறந்துபோனார். அவருடைய மனைவி ஈமச்சடங்கு உதவித்தொகைக்கு மனுக் கொடுத்தபோது, "பழைய அட்டை செல்லாது, புதிய அட்டையில் இவர் பெயர் இல்லை" என்று மனுவைத் திருப்பிக் கொடுத்தார்கள். எதற்காக இப்படி என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டார். ஆட்சி மாறியிருக்கிறது என்று சொன்னேன். அதற்கும் தன் வீட்டுச் சாவுக்கும் என்ன தொடர்பு என்று அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் விளக்கத் தெரியவில்லை. அந்த மாதங்களில் நம் சங்கம் இதைப் பற்றி ஒரு மனுக்கூடக் கொடுக்கவில்லை என்பதை நினைவூட்டுகிறேன். புதிய அரசை வரவேற்கும் கூட்டத்தை நடத்துவதில் அன்று நாம் மும்முரமாக இருந்தோம்.

உழவர் சந்தைக்கு நடந்ததும் இதே கதைதான். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் சந்தை திறக்கப்பட்டது. இடைத்தரகர் இல்லாமல் விளைவித்தவனே விற்கும் இடம். 2001-இல் ஆட்சி மாறியதும் பல சந்தைகள் கவனிப்பாரின்றிக் கிடந்தன. 2006-இல் திரும்பவும் வெள்ளையடிக்கப்பட்டன. கத்தரிக்காய்க்கு எந்த ஆட்சி நடக்கிறது என்று தெரியாது. ஆனால் அது அழுகியது.

ஆட்சி மாற்றம் உடனடியாகத் தருகிற ஒன்று உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது கடன் தள்ளுபடி. 2006-இல் பதவியேற்ற அன்றே கூட்டுறவுக் கடன்கள் தள்ளுபடியாயின. 2016-இல் சிறு, குறு விவசாயிகளின் கூட்டுறவுக் கடன் தள்ளுபடிக்கு முதல் கையெழுத்து விழுந்தது. 2021 பிப்ரவரியில், தேர்தல் அறிவிப்புக்குச் சற்று முன்பாக, 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. என் கடனும் அதில் போனது, நன்றி மறக்கவில்லை. ஆனால் அடுத்து என்ன நடந்தது? மே மாதம் ஆட்சி மாறியது. அந்தத் தள்ளுபடியில் முறைகேடுகள் நடந்திருப்பதாகப் புதிய அரசு கூறியது. விசாரிக்கட்டும், விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் எங்கள் ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கோப்புகள் எடுத்துச் செல்லப்பட்டுத் திரும்பிவருவதற்குள் சம்பா நடவு முடிந்துவிட்டது. நான் வட்டிக்கு வாங்கித்தான் உரம் போட்டேன். ஒழுங்காகக் கடனைக் கட்டியிருந்த என் பக்கத்து வயல்காரருக்கோ தள்ளுபடியும் இல்லை, புதுக்கடனும் இல்லை. 2016 தள்ளுபடியில் ஐந்து ஏக்கர் வரம்பு வைத்ததை எதிர்த்து விவசாயிகள் தரப்பு நீதிமன்றம் சென்று, 2017-இல் உயர் நீதிமன்றத்தில் வென்று, 2021-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. தள்ளுபடிக்கு யார் தகுதி என்ற வழக்கே ஒரு சட்டமன்றத்தின் முழு ஆயுளைக் கடந்து ஓடியது.

ஒரு கையெழுத்தில் முடிகிற காரியத்தை எந்தப் புதிய அரசும் விரும்பிச் செய்யும். வாய்க்கால் தூர்வாருவதும், கொள்முதல் நிலையத்தில் சாக்கும் தார்ப்பாயும் ஈரமானியும் இருக்கிறதா என்று பார்ப்பதும், காப்பீட்டுத் தொகையைப் பருவத்துக்குள் கொடுப்பதும் ஒரு கையெழுத்தில் முடிகிற காரியங்கள் அல்ல. ஆண்டுக்கு ஆண்டு, பருவத்துக்குப் பருவம், அதிகாரிகளைத் துரத்திச் செய்விக்க வேண்டியவை. அவற்றில் எந்தத் தலைவருடைய படத்தையும் ஒட்ட முடியாது. அவற்றைத் துரத்துவதற்காகத்தான் சங்கம் என்ற ஒன்று இருக்கிறது. நீங்கள் ஒத்திவைத்திருப்பதோ அந்தத் துரத்தலைத்தான்.

வாக்குறுதி எப்படித் தேய்கிறது என்பதற்கு நெல் விலையை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதன் கணக்கு என் கையில் இருக்கிறது. 2021 தேர்தலில் திமுக தன் அறிக்கையில் நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்று சொன்னது. அப்போது சாதாரண ரகத்துக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை 1,868 ரூபாய். மாநில அரசு 50 ரூபாய் சேர்த்து 1,918 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தது. அதாவது அந்த வாக்குறுதி அன்றைக்கே நிறைவேறியிருந்தால் மாநிலத்தின் பங்கு 632 ரூபாயாக இருந்திருக்கும். ஆட்சி மாறிய முதல் பருவமான 2021-22-இல் கிடைத்தது 2,015 ரூபாய். நான் அந்தப் பருவத்தில் நிலையத்தில் போட்டது 80 குவிண்டால். ஒரு குவிண்டாலுக்கு 485 ரூபாய் குறைவு என்றால் எனக்கு மட்டும் 38,800 ரூபாய். 2,500 ரூபாய் கடைசியில் வந்தது. எப்போது வந்தது? 2025 செப்டம்பரில், அடுத்த தேர்தலுக்கு முந்தைய கொள்முதல் பருவத்தில். அதற்குள் மத்திய அரசின் ஆதரவு விலையே 2,369 ஆகிவிட்டது. மாநிலம் சேர்த்தது 131 ரூபாய். வாக்குறுதி நிறைவேறவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் 632 ரூபாய் பொறுப்பு 131 ரூபாயாகச் சுருங்கும் வரை காத்திருந்து நிறைவேற்றினார்கள். கூலியும் டீசலும் உரமும் இதற்காகக் காத்திருக்கவில்லை. கரும்புக்கு டன்னுக்கு 4,000 என்று அதே அறிக்கை சொன்னது. 2025 வேளாண் நிதிநிலை அறிக்கையில் உயர்த்திய ஊக்கத்தொகையையும் சேர்த்து வந்தது 3,500.

ஒரு கட்சியைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அதற்கு முன்னால் 2003-இல் அதிமுக அரசு, 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் இருந்துவந்த இலவச மின்சாரத்தையே நிறுத்தியது; ஈடாக ரொக்க உதவி தருவதாகச் சொன்னது. நாம் கத்தினோம், கேட்கவில்லை. 2004 மே மாதம் மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் அந்த அணி இழந்தது. முடிவு வந்த சில நாள்களிலேயே இலவச மின்சாரம் திரும்ப வந்துவிட்டது. கவனியுங்கள்: கோட்டையில் ஆட்சி மாறவில்லை. அதே முதலமைச்சர், அதே அமைச்சர்கள், அதே அரசாணைப் பேனா. மாறியது, இவர்கள் நம்மை விட்டுப் போய்விடுவார்கள் என்ற அச்சம் மட்டுமே. இந்த அச்சம் ஒன்றுதான் நம் கையில் இருக்கும் மூலதனம். தேர்தலுக்கு மூன்று மாதம் முன்னதாகவே "நாங்கள் உங்களுக்குத்தான்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால், ஆதரவு பெற்றவருக்கு அந்த அச்சம் இல்லை. ஆதரவு பெறாதவருக்கோ நம்மிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை. மாட்டுத்தரகர்கூட விலை பேசி முடிப்பதற்கு முன் துண்டை உதறி எழுந்துவிட மாட்டார்.

இனி நம் சங்கத்தைப் பற்றி. இதை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதாமல் விட முடியாது. நம் மாவட்டச் சங்கம் வெளியிட்ட துண்டறிக்கைகளை நான் சேர்த்து வைத்திருக்கிறேன். பயிர்க் காப்பீட்டில் மத்திய அரசு 2020-இல் தன் மானியப் பங்குக்கு வரம்பு வைத்தது: பாசனப் பகுதியில் பிரீமியம் 25 விழுக்காடு வரை, மானாவாரியில் 30 விழுக்காடு வரை மட்டுமே. மாநிலத்தின் சுமை கூடியது. 2021 முதல் டெல்டாவில் குறுவைக்குக் காப்பீடு இல்லாமல் போனது. அந்த ஆண்டு நம் துண்டறிக்கையில் "குறுவைக்குக் காப்பீடு வேண்டும்" என்பது முதல் கோரிக்கையாக, தடித்த எழுத்தில் இருந்தது. அடுத்த ஆண்டு அது நான்காவது கோரிக்கை. அதற்கடுத்த ஆண்டு பதினோராவது. "பரிசீலிக்க வேண்டும்" என்ற மென்மையான வாசகத்துடன். சென்ற ஆண்டு அறிக்கையில் தேடினேன், காணவில்லை. காப்பீடு வந்துவிட்டதா? இல்லை. நம் நிர்வாகிகளில் இருவர் அரசு அமைத்த குழுக்களில் உறுப்பினர் ஆகிவிட்டார்கள். இதே காலத்தில் வேறொரு சங்கம் குறுவைக் காப்பீட்டைப் பற்றி மிக உரக்கப் பேசியது. அவர்கள் எதிர்க்கட்சியோடு இருந்தார்கள். நாளை ஆட்சி மாறினால் அவர்கள் பதினோராவது கோரிக்கைக்குப் போவார்கள், நாம் முதல் கோரிக்கைக்கு வருவோம். பயிர் மட்டும் இரண்டு காலத்திலும் தண்ணீரில் கிடக்கும்.

மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு நான் தவறாமல் போகிறவன். ஆட்சி மாறிவிட்டதை அந்தக் கூட்டத்தில் யார் எழுந்து பேசுகிறார்கள், யார் முன்வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை வைத்தே சொல்லிவிடலாம். நேற்று வரை நெல்மணிகளைத் தரையில் கொட்டிக் கூச்சலிட்டவர் இன்று "அரசு ஆவன செய்துகொண்டிருக்கிறது, பொறுமை காக்க வேண்டும்" என்கிறார்; நேற்று பொறுமை காக்கச் சொன்னவர் இன்று நெல்லைக் கொட்டுகிறார். அதிகாரிகள் இதைப் பார்த்துப் பழகிவிட்டார்கள். மேடையில் இருக்கும் அலுவலரின் முகத்தில் தெரியும் அந்தச் சிறு புன்னகைதான் எனக்கு எல்லாவற்றையும்விட வலிக்கிறது. நாம் கேட்பது நெல்லுக்காக அல்ல, யாருக்காகவோ என்று அவர் முடிவு செய்துவிட்டார். பாதி நேரம் அவர் நினைப்பது சரியாகவும் இருக்கிறது.

ஆளுங்கட்சியோடு ஒட்டி இருந்தால்தான் காரியம் நடக்கும் என்று கிளைக் கூட்டத்தில் என்னிடம் சொன்னார்கள். சில காரியங்கள் நடக்கத்தான் செய்யும். ஒரு ஊருக்குக் கூடுதலாக ஒரு கொள்முதல் நிலையம் திறப்பார்கள். ஒரு நிர்வாகியின் வயலுக்குப் போகும் வண்டிப்பாதை தார்ச்சாலையாகும். ஒருவருக்கு மின் இணைப்பு வரிசையில் முன்னால் வரும். இவற்றைப் பெற்றவர்கள் மேல் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் இது சிபாரிசு, சங்கம் இல்லை. சிபாரிசுக்கு ஒரு நல்ல மாமனார் போதும், சந்தா கட்டி ரசீது வாங்க வேண்டியதில்லை.

நம் முன்னோர் இந்தப் பாதையில் ஏற்கெனவே நடந்து பார்த்துவிட்டார்கள். கோவை வையம்பாளையத்து நாராயணசாமி நாயுடு மின் கட்டண உயர்வை எதிர்த்து உழவர்களைத் திரட்டியபோது, 1972-இல் கோவைத் தெருக்களை மாட்டு வண்டிகள் நிறைத்தன. 1970-களின் முற்பகுதியில் திமுக ஆட்சியிலும் பிற்பகுதியில் அதிமுக ஆட்சியிலும் உழவர்கள் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள். இரண்டு ஆட்சிகளும் அவர்களைச் சுட்டன என்பதே, இரண்டு ஆட்சிகளுக்கும் அவர்கள் கட்டுப்படவில்லை என்பதற்குச் சாட்சி. அவர்கள் கேட்ட மின்சாரம் முதலில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கும், பிறகு கருணாநிதி ஆட்சியில் அனைவருக்கும் கிடைத்தது. 1982-இல் நாயுடுவின் விவசாயிகள் சங்கத்திலிருந்து ஒரு கட்சி பிறந்தது. தேர்தல் அரசியலில் அதனால் காலூன்ற முடியவில்லை. 1984-இல் நாயுடு மறைந்தார். சங்கம் பல துண்டுகளாகியது. இன்று ஒரே ஒன்றியத்தில் எத்தனை விவசாயிகள் சங்கங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றின் பச்சைத் துண்டும் ஒன்றே. உள்ளே கட்டியிருக்கும் வேட்டியின் கரைதான் வேறு வேறு.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2020 செப்டம்பரில் மூன்று வேளாண் சட்டங்கள் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. நவம்பர் 26 முதல் டெல்லி எல்லைகளில் உழவர்கள் அமர்ந்தார்கள். கட்சித் தலைவர்கள் வந்து ஆதரவு சொன்னார்கள். மேடையை மட்டும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. 2021 நவம்பர் 19 அன்று சட்டங்கள் திரும்பப் பெறப்படும் என்று பிரதமரே அறிவித்தார். சட்டத்தைக் கொண்டுவந்த அரசேதான் அதைத் திரும்பப் பெற்றது, ஆட்சி மாறவில்லை. உத்தரப் பிரதேசமும் பஞ்சாபும் அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் தேர்தலைச் சந்திக்கவிருந்தன, அது ஒரு காரணம் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். அந்தத் தேர்தல் அச்சத்தை முன்கூட்டியே எந்தக் கட்சிக்கும் விற்றுவிடாமல் ஓராண்டுக்கு மேல் கையில் வைத்திருந்தார்கள் என்பதுதான் நான் சொல்வது. அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெற்றிக்குப் பின் பஞ்சாபின் சில சங்கங்கள் சேர்ந்து தேர்தலில் நின்றன. 2022-இல் ஓர் இடத்தில்கூட வெல்லவில்லை. நாட்டையே பணிய வைத்தவர்களால் ஒரு தொகுதியை வெல்ல முடியவில்லை, ஏனென்றால் உழவன் சங்கத்துக்கு வரும்போது ஒரு மனிதனாகவும் வாக்குச்சாவடிக்குப் போகும்போது வேறு மனிதனாகவும் போகிறான். நம் உறுப்பினர்களும் அப்படியே. அவர்களுடைய வாக்கை உங்களால் யாருக்கும் வாங்கித் தர முடியாது. அது ஆதரவு பெறுகிற கூட்டணிக்கும் தெரியும். மேடையில் ஒரு பச்சைத் துண்டு தேவைப்படுவதால் பேசாமல் இருக்கிறார்கள்.

நம் காவிரிக்கே ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. மன்னார்குடி எஸ். ரங்கநாதன் முன்னின்று நடத்திய விவசாயிகள் சங்கம் 1983-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. 1990 ஜூனில் நடுவர் மன்றம் அமைந்தது. 2007 பிப்ரவரி 5 அன்று இறுதித் தீர்ப்பு. 2013 பிப்ரவரியில் அது மத்திய அரசிதழில் வந்தது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கு 177.25 டி.எம்.சி. என்று முடிவு சொன்னது. வழக்குப் போட்ட நாளில் இருந்த முதலமைச்சர் தீர்ப்பு வந்த நாளில் இல்லை. டெல்லியில் எத்தனை பிரதமர்கள் மாறினார்கள் என்று விரல்விட்டு எண்ணுங்கள். கோரிக்கை மட்டும் மாறவில்லை. எல்லா அரசுகளும் அந்த வழக்கின் வழியே நடந்துபோக வேண்டியிருந்தது.

டெல்டாவில் நிலத்தடியிலிருந்து மீத்தேன் எரிவாயு எடுக்கும் திட்டத்துக்கு 2011 தொடக்கத்தில் திமுக ஆட்சியில் ஒப்பந்தம் போட்டார்கள். அதிமுக ஆட்சியில் அது நிறுத்தப்பட்டது. அதே ஆட்சி 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2021-இல் ஆட்சி மாறிய பின்னும் அந்தச் சட்டம் நிற்கிறது. அதில் ஓட்டைகள் உண்டு: ஏற்கெனவே இருக்கும் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளை அது தொடாது, திருச்சி, கரூர், அரியலூர் மாவட்டங்கள் அதில் இல்லை. ஆனாலும் 2023-இல் டெல்டா நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்தபோது எல்லாக் கட்சியும் ஒரே குரலில் எதிர்த்தன, பெயர்கள் நீக்கப்பட்டன. எந்தக் கட்சியும் தன்னுடையது என்று மட்டும் உரிமை கொண்டாட முடியாதபடி ஒரு கோரிக்கையை வளர்த்துவிட்டால், ஆட்சி மாறும்போது அது அழிவதில்லை. மேற்சொன்ன அட்டைகளோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது நான் இதை எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில், எங்கள் பகுதிக் கொள்முதல் நிலையத்தின் முன்னால் சாலையின் ஒரு பக்கம் முழுக்க நெல் கொட்டிக் கிடக்கிறது. எட்டாவது நாளாக என் நெல்லும் அதில் இருக்கிறது. பகலில் கிளறிக் காயவைக்கிறோம், அந்தியில் தார்ப்பாய் போட்டு மூடுகிறோம், இரவில் பனி இறங்கி ஈரப்பதம் மீண்டும் 17 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. காலையில் ஈரமானியில் எண்ணைக் காட்டித் திருப்பி அனுப்புகிறார்கள். சாக்கு இல்லை என்கிறார்கள், லாரி வரவில்லை என்கிறார்கள், ஏற்கெனவே பிடித்த மூட்டைகளை எடுத்துச் செல்லாததால் இடம் இல்லை என்கிறார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று கொடுப்பவருக்கு மட்டும் சாக்கும் இடமும் எங்கிருந்தோ வந்துவிடுகின்றன. இந்த வசூல் நான் பார்த்த எந்த ஆட்சியிலும் நிற்கவில்லை. தொகை மட்டும் ஏறியிருக்கிறது. இதற்காக நாம் அறிவித்த முற்றுகையைத்தான் தேர்தலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறீர்கள். தேர்தல் முடிந்து, அமைச்சரவை பதவியேற்று, நீங்கள் மாலையோடு போய்ச் சந்தித்து வரும்போது இந்த நெல் முளைத்திருக்கும், அல்லது வியாபாரியின் கிடங்கில் இருக்கும்.

ஆகவே செயற்குழுவிடம் நான் கேட்பவை இவை. கூட்டணி ஆதரவுத் தீர்மானத்தைத் திரும்பப் பெற வேண்டும்; உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி வாக்களிப்பார், சங்கம் எவருக்கும் வாக்குக் கேட்காது என்று அதன் இடத்தில் எழுத வேண்டும். ஒத்திவைத்த முற்றுகையை, தேர்தல் நடத்தை விதிகள் நடைமுறைக்கு வருமுன், அறுவடை முடிவதற்குள், ஒரு தேதி குறித்து நடத்த வேண்டும்.

எல்லாக் கட்சிகளுக்கும் ஒரே கோரிக்கைப் பட்டியலைக் கொடுக்க வேண்டும்; அதில் தொகையும் காலக்கெடுவும் இருக்க வேண்டும். நெல் விலையைப் பொறுத்தவரை "2,500", "3,000" என்று மொத்தத் தொகையைக் கேட்காதீர்கள். மத்திய அரசின் ஆதரவு விலைக்கு மேல் மாநிலம் எத்தனை ரூபாய் சேர்க்கும், அதை முதல் பருவத்திலேயே கொடுக்குமா என்று கேளுங்கள். இல்லையென்றால் மறுபடியும் ஐந்து ஆண்டு காத்திருந்து 131 ரூபாய் வாங்குவோம். குறுவைக் காப்பீடு முதல் கோரிக்கையாகத் திரும்ப வர வேண்டும், யார் ஆண்டாலும் அது கிடைக்கும்வரை முதல் இடத்திலேயே இருக்க வேண்டும். எந்த நலத்திட்டத்தின் பெயரை மாற்றினாலும் பழைய அட்டை புதிய அட்டை வரும்வரை செல்லும் என்ற ஒரு வரியை அரசாணையில் சேர்க்க வேண்டும் என்பதையும் பட்டியலில் எழுதுங்கள். இதற்கு அரசுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

கட்சிப் பொறுப்பிலோ அரசு நியமித்த குழுக்களிலோ இருக்கும் நிர்வாகிகள் இரண்டில் ஒன்றை விட்டுவிட வேண்டும். அவர்களில் சிலர் எனக்கு அண்ணன் முறை, ஒருவரோடு 1990-களில் சிறையிலும் இருந்திருக்கிறேன். மனத்தாங்கல் வேண்டாம், ஆனால் இரண்டும் கூடாது.

இந்த மடலைப் பிப்ரவரி மாதச் செயற்குழுவின் பொருள் நிரலில் சேர்த்து, முடிவை எல்லாக் கிளைகளுக்கும் எழுத்தில் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். முற்றுகைக்குத் தேதி வராவிட்டால், எங்கள் கிளையைச் சேர்ந்த இருபத்து மூன்று பேரும் அந்தக் கொள்முதல் நிலையத்தின் முன் நாங்களாகவே அமர்வோம். துண்டு மட்டும் போட்டுக்கொண்டு வருவோம்; நீங்களும் அப்படியே வாருங்கள்.

கீழத்தஞ்சைப் பகுதியிலிருந்து,
1994 முதல் சந்தா கட்டிவரும் ஒரு கிளை உறுப்பினர்